மாற்கு பதினான்கு

வெள்ளிமலை,
1.7.1998

ஜெனிஷா அப்பாவுக்கு ஜெயசெல்வி எழுதுவது. மலையேறி வந்தவளைக் கர்த்தர் சுகமாக வைத்திருக்கிறார். நீங்களும் பிள்ளையும் அங்கே சுகமா?

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி ஏறியதும் கண்டக்டர் என் டிரங்குப் பெட்டியைப் பார்த்து, "டீச்சரம்மாங்களா? எத்தினி மாசம் தங்குவீங்க?" என்று சிரித்தார். வருகிற டீச்சர்கள் யாரும் நிலைப்பதில்லையாம். பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை, நான் நிலைப்பேன் என்றேன்.

விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடம். எனக்கு மூன்றாம் வகுப்பு. பள்ளியில் சமைக்கிற வீரம்மாள் தன் வீட்டில் ஓர் அறை கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் ஆனால் பனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன் கிடையாது. தபால் வாரத்துக்கு இரண்டு தரம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நம் வீட்டில் வேதம் என் குரலில்தான் கேட்டது. நீங்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து பாயில் சாய்ந்தபடி கேட்பீர்கள், பாதி நாள் தூங்கியும் விடுவீர்கள். இப்போது பிள்ளைக்காக ஜெனரல் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டீர்கள். ஷிஃப்ட் என்ற சாக்கு போய்விட்டது. வருகிற ஞாயிறு தொடங்கி நாளுக்கு ஓர் அதிகாரம், மத்தேயு முதலாவதிலிருந்து, நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். பிடித்த இடமாகத் தேடி எடுக்க வேண்டாம். வரிசையாகப் போங்கள். அதே நாளில் அதே அதிகாரத்தை நானும் இங்கே படிப்பேன்.

ஜெனிஷாவுக்குத் தலை பின்ன உங்களுக்கு வராது என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் உமாராணி அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கூச்சப்படாமல் அனுப்புங்கள்.

உங்கள் இருவரையும் அவர் கையில் ஒப்புவிக்கும்,
ஜெயா


நெய்வேலி,
13.7.1998

அன்பு ஜெயாவுக்கு சைமன்ராஜ். உன் கடிதம் கிடைத்தது. சளி ஒன்றைத் தவிர இங்கே குறைவில்லை. அந்த மலைக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ?

ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டோம். முதல் அதிகாரமே வெறும் பெயர்கள் என்று நீ முன்னமே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு பெயரிலும் நாக்கு மாட்டிக்கொண்டது. ஜெனிஷா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, கன்வேயர் பெல்ட் மாதிரி விடாம வந்துகிட்டே இருக்குப்பா" என்றாள். சுரங்கத்தில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவனுக்குப் பிறந்த பெண் அல்லவா!

இதுவரை ஏழு அதிகாரம். இரண்டு நாள் விட்டுப் போயிற்று. ஒரு நாள் உமாராணி அக்கா வீட்டில் சாப்பாடு, இன்னொரு நாள் தூக்கம். உன்னிடம் பொய் சொல்வானேன். என்ன படித்தேன் என்று மறுநாள் காலை ஷிஃப்ட் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தால் பாதி நினைவில் இல்லை. ஆனாலும் படித்து முடித்ததும் வீட்டில் ஓர் அமைதி இருக்கிறது. அதை நான் கவனித்தேன்.

ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். பிள்ளை குடிக்கிறாள்.

உன் வருகைக்கு நாள் எண்ணும்,
சைமன்


வெள்ளிமலை,
24.7.1998

ஜெனிஷா அப்பாவுக்கு, சமாதானம் உண்டாவதாக. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் சளி விட்டதா?

பாதி நினைவில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் என்ன? போன மாதம் இதே தேதியில் என்ன சாப்பிட்டோம் என்று நினைவிருக்கிறதா? சாப்பிட்டதால்தானே நிற்கிறோம். படித்துக்கொண்டே போங்கள்.

இங்கே நான் படிக்கும்போது வீரம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, நம் மார்க்கமும் இல்லை. கதை கேட்கிற ஆசை. "சத்தமா படி டீச்சர், கொழம்பு கொதிக்கிறதுல கேக்கல" என்கிறாள். நீங்கள் பின்தங்கினால் சொல்லுங்கள், நான் நின்று வருகிறேன்.

ஜெயா


நெய்வேலி,
7.8.1998

அன்பு ஜெயாவுக்கு, அவருடைய கிருபையால் நாங்கள் இருவரும் நல்ல சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று மத்தேயு முடிந்தது. என் வாழ்நாளில் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தது இதுதான் முதல் தடவை. ஜெனிஷா கை தட்டினாள். இரண்டு பேரும் மெயின் பஜார் போய் பரோட்டா சாப்பிட்டோம். கோபித்துக்கொள்ளாதே.

இன்னொரு சங்கதி. அடுத்த மாதம் சார்ஜ்மேன் பதவி உயர்வுக்கு இன்டர்வியூ. எங்கள் செக்ஷனில் என் பெயரும் பழனிவேல் பெயரும் இருக்கின்றன. ஃபோர்மேன் சடையப்பன் ஐயா, "டூல் ரூம் சாவி உன்கிட்டதான இருக்கு, அத ஒழுங்கா வச்சுக்க, மத்தத நான் சொல்றேன்" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை.

கான்ட்ராக்ட் ஆட்களில் கம்மாபுரம் கலியமூர்த்தி என்று ஒருவன் வந்திருக்கிறான். முப்பது வயது இருக்கும். இரண்டு ஆள் தூக்குவதைத் தனியாகத் தூக்குவான். ஓயாமல் பேசுவான். அவன் இருந்தால் வேலை நேரம் போவதே தெரியவில்லை. நீ வரும்போது ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும்.

சந்தோஷத்தோடு,
சைமன்


நெய்வேலி,
25.8.1998

அன்பு ஜெயாவுக்கு, நலம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதிலுக்குத் தாமதமாயிற்று.

வெயில் கடுமை. ஜன்னலில் கரித்தூள் முன்னைவிட அதிகமாகப் படிகிறது. ஜெனிஷாவுக்கு மாதத் தேர்வில் கணக்கில் எண்பத்தெட்டு.

வேலை நடக்கிறது. கலியமூர்த்தி இப்போது வருவதில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் வருவதும் போவதும் சகஜம்தானே.

வேதம் படிப்பதும் நடக்கிறது.

சைமன்


நெய்வேலி,
2.9.1998

அன்புள்ள அம்மாவுக்கு உங்கள் மகள் ஜெனிஷா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? வீரம்மாள் பாட்டியின் கோழி குஞ்சு பொரித்ததா?

அம்மா, அப்பா இப்போது படிப்பதில்லை. மாற்கு பதினான்காம் அதிகாரத்தில் பேதுரு குளிர் காய்கிற இடம் வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்கள். கண் எரிகிறது என்றார்கள். மறுநாள் நான் எடுத்துக் கொடுத்தேன். "நாளைக்கு" என்றார்கள். இப்படியே பத்து நாளுக்கு மேல் ஆகிறது. நான் படிக்கட்டுமா என்றால் அதுவும் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் கிரிக்கெட் பார்க்கும்போது கண் எரியவில்லை.

உமாராணி ஆன்ட்டி அப்பாவுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிடுகிறார்கள். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது.

அன்பு முத்தங்களுடன்,
ஜெனிஷா


வெள்ளிமலை,
9.9.1998

ஜெனிஷா அப்பாவுக்கு, இங்கே நல்ல மழை. நனைந்தும் காய்ச்சல் வராமல் கர்த்தர் காத்தார். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நீங்கள் மாற்கு பதினான்கில் நிற்பதாகத் தெரிய வந்தது. யார் சொன்னது என்று விசாரிக்க வேண்டாம், பாவம். ஏன் நிற்கிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. நான் லூக்காவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து நானும் அதே இடத்தில் நின்றுகொண்டேன். தினமும் அதையே படிக்கிறேன்.

வீரம்மாளுக்குப் பேதுருவின் கதையில் உயிர். வலைக்காரர், கோபக்காரர், தன் அண்ணன் மாதிரியே என்பாள். முதல் தடவை படித்த அன்று, கர்த்தரைத் தெரியாது என்று மூன்று தரம் சொல்லிவிட்டு அவர் அழுகிறாரே, அந்த இடத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அப்புறம் அந்த ஆளு என்னா ஆனாரு டீச்சர்? செத்துட்டாரா?" என்றாள். இல்லை, இன்னும் இருக்கிறது, நாளைக்கு வா என்றேன். "இன்னும் இருக்குதுல்ல? அது போதும்" என்று சொல்லி அடுப்படிக்குப் போனாள்.

அதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்த அதிகாரத்தோடு அவர் கதை முடியவில்லை. இன்னும் இரண்டு அதிகாரம் இருக்கிறது.

உங்களுக்கு எப்போது முடிகிறதோ அப்போது படியுங்கள். நான் இங்கேயேதான் இருப்பேன்.

என்றும் உங்கள்,
ஜெயா


நெய்வேலி,
20.9.1998, ஞாயிறு

அன்பு ஜெயாவுக்கு. உடம்பு சுகம்தான். உன் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. இன்றைக்குத்தான் எழுதத் தைரியம் வந்தது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் டூல் ரூமிலிருந்த செயின் பிளாக் ஒன்றை, பளு தூக்குகிற சங்கிலிக் கருவி, வேறு ஷெட் வேலைக்கென்று பழனிவேல் அவசரமாகக் கேட்டான். புத்தகத்தில் எழுதாமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவன் அதை அங்கேயே வைத்துவிட்டு லீவில் ஊருக்குப் போய்விட்டான். எனக்கும் மறந்துபோயிற்று. பன்னிரண்டாம் தேதி சரிபார்த்தபோது ஒன்று குறைந்தது. அதற்கு முன் வேலைக்காக அதைத் தூக்கிக்கொண்டு போன கலியமூர்த்தியைத்தான் எல்லாரும் கடைசியாகப் பார்த்திருந்தார்கள்.

சடையப்பன் ஐயா எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார். "சைமனு, சாவி உன்கிட்டதான் இருக்குது. உனக்கு எதுனா தெரியுமா?"

அந்தக் கணத்தில் எனக்கு நினைவு வந்துவிட்டது, ஜெயா. பழனிவேலுக்குக் கொடுத்தது நன்றாக நினைவு வந்துவிட்டது. புத்தகத்தில் எழுதாமல் கொடுத்தது தெரிந்தால் இன்டர்வியூ போய்விடும் என்பதும் கூடவே வந்தது. "தெரியாதுங்க" என்றேன்.

கலியமூர்த்தி என்னையே பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் அவனுக்காக ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்வேன் என்றுதான் பார்த்தான். மறுநாள் கான்ட்ராக்டர் அவனுடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் மோசம். இரண்டு நாள் கழித்து அந்த ஷெட்டுக்குப் போய் செயின் பிளாக்கை யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்து, எங்கள் ஷெட்டில் பழைய டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். பொருள் கிடைத்துவிட்டது என்றதும் அவனைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். கிடைத்ததும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாத்தியா, வெளிய கொண்டுபோவ நேரம் பாத்து ஒளிச்சி வச்சிருக்கான்." சந்தேகமாக இருந்தது உறுதியாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து அந்த அதிகாரம் வந்தது. மத்தேயுவிலும் இதே சங்கதியைப் படித்தேனே, அப்போது ஒன்றும் ஆகவில்லை. தூக்கக் கலக்கத்தில் படித்துவிட்டுப் படுத்தேன். இந்தத் தடவை வாய் நின்றுவிட்டது. பேதுருவை யாரும் அடிக்கவில்லை, கத்தி காட்டவில்லை. வேலைக்காரப் பெண் ஒருத்தி கேட்டாள். அவ்வளவுதான். தெரியாது என்று சொல்லிவிட்டு வாசல் மண்டபத்துக்கு நழுவிவிட்டார். பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் படிக்க என்னால் முடியவில்லை. நானாகத் தேர்ந்தெடுத்துப் படிக்கிறவனாக இருந்தால் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று ஜெனிஷாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து விட்ட இடத்திலிருந்து படித்தேன். அடுத்தடுத்த நாள் பதினைந்து, பதினாறு. கல்லறைக்கு வந்த பெண்களிடம் தூதன், கர்த்தர் உயிர்த்தெழுந்ததைச் சீஷர்களுக்குச் சொல்லச் சொல்கிறபோது, பேதுருவின் பெயரை மட்டும் தனியாகச் சொல்லி அனுப்புகிறானே. இத்தனை வருஷம் நீ படித்துக் கேட்டும் அது என் காதில் விழுந்ததில்லை. ஜெனிஷா, "ஏன்ப்பா அவரு பேரு மட்டும்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை சடையப்பன் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு திட்டோட போயிருக்கும்டா" என்றார். எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ வரும். இன்டர்வியூ பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். கலியமூர்த்தியைத் திரும்ப எடுக்கக் கான்ட்ராக்டர் சம்மதித்தார்.

நேற்று நானே கம்மாபுரம் போய் அவனிடம் சொன்னேன். வயலில் நின்றுகொண்டிருந்தான். கை ஓங்குவான் என்று நினைத்தேன். ஓங்கவில்லை. அவன் பெண்டாட்டி நாகம்மாள்தான் பேசினாள். "முப்பத்தேழு நாளா இந்தத் தெருவுல தலை குனிஞ்சிகினு போறோம். இங்க வந்து வரப்புல நின்னுகினு சொல்லிட்டா ஆச்சா? திருடன் வூடுன்னு சொன்னவங்க காதுல யார் சொல்லுவா?"

தெருவில் வந்து எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்கிறாள். சரி என்று சொல்லி வந்தேன். இன்னும் போகவில்லை. என்னை யாரும் அங்கே தெரிந்துவைத்திருக்கவில்லைதான், ஆனாலும் பயம் விடவில்லை. உன்னிடம் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

சைமன்


வெள்ளிமலை,
24.9.1998

என் ஜெனிஷா அப்பாவுக்கு, ஜெயா. நான் நலம். அழுதேன், அதை மறைக்கவில்லை.

கோபமும் வந்தது. முப்பத்தேழு நாள் அந்தக் குடும்பம் என்ன பாடுபட்டிருக்கும். நாகம்மாள் கேட்டது நியாயம். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

காலாண்டு விடுமுறைக்குச் சனிக்கிழமை மூன்றாம் தேதி வருகிறேன். ஆனால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் பக்கத்தில் நின்றால் பெண்டாட்டி இழுத்து வந்து சொல்லவைத்தாள் என்பார்கள். நீங்களாகப் போங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியாது. அதனால் நாள் முழுக்க ஜெபித்துக்கொண்டிருப்பேன்.

சார்ஜ்மேன் ஆகாததைப் பற்றி எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மெய்யாகத்தான்.

உங்கள்,
ஜெயா


நெய்வேலி,
28.9.1998

அன்பு ஜெயாவுக்கு. நல்ல சுகம். இந்தக் கடிதம் நீ மலையிறங்குவதற்குள் வந்து சேருமோ என்னவோ. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று ஆராதனை முடிந்ததும் ஜெனிஷாவை உமாராணி அக்காவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கலியமூர்த்தியின் தெரு முனையில் டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் இருபது பேர் இருப்பார்கள். அவன் எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்றான். கடைக்காரர், "டீயா?" என்றார். "இல்லீங்க, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

என் பெயர், வேலை பார்க்கிற இடம், எல்லாம் சொன்னேன். "கலியமூர்த்தி எதையும் எடுக்கல. எடுத்துக் கொடுத்தவன் நான். கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னவனும் நான். ஒளிச்சு வச்சவனும் நான்தான்." இவ்வளவுதான் பேசினேன்.

ஒரு பெரியவர், "அப்ப இத்தினி நாளு எங்கய்யா போயிருந்த?" என்று கத்தினார். பயந்திருந்தேன் என்றேன். இன்னொருத்தன் சட்டையைப் பிடிக்க வந்தான். கலியமூர்த்தி மரத்தடியிலிருந்தே, "வுடுறா. அவுரா வந்து சொல்லிகினு இருக்காரு, வுடு" என்றான். அதற்குப் பிறகு என்னைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டான். நாகம்மாள் மட்டும் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கடைப் பலகையில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. நான் எடுத்துக் குடித்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். ஒன்றரை மாதமாக அப்படி ஒரு தூக்கம் இல்லை.

உன்னைச் சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறேன்.

சைமன்


நெய்வேலி,
29.10.1998

அன்பு ஜெயாவுக்கு, நாங்கள் இருவரும் சுகம். நீ விடுமுறை முடிந்து போனதிலிருந்து வீடு பெரிதாகத் தெரிகிறது. வீரம்மாளின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மெமோவுக்குப் பதில் கொடுத்தாயிற்று. ஒரு இன்கிரிமென்ட் நிறுத்தம். சாவி இப்போது பழனிவேலிடம். போன வாரம் அவன்தான் சார்ஜ்மேன் ஆனான். மாலை போட்டேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டு, "லீவுல போகும்போது நானாவது சொல்லிட்டுப் போயிருக்கணும்யா" என்றான். மனதில் ஏதாவது உறுத்துமோ என்று எதிர்பார்த்தேன். உறுத்தவில்லை.

கலியமூர்த்தி திரும்பி வந்து இருபது நாளுக்கு மேலாகிறது என்பது உனக்குத் தெரியும். என்னோடு பேசுவதில்லை என்பதையும் நீ இருக்கும்போதே சொன்னேன். முன்பு ஓயாமல் பேசினவன், நான் வந்தால் வாயை மூடிக்கொள்வான். நானும் கிட்டப் போய்த் தொந்தரவு செய்யவில்லை. மன்னிப்பு என்பது நான் கேட்டு வாங்குகிற பொருள் இல்லை என்று இருந்துவிட்டேன். காலையில் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு பஸ் ஏறுவேன்.

இன்று மழை. பெல்ட்டுக்கு அடியில் ஒரு ரோலரை மாற்ற வேண்டும். சேறு முழங்கால் வரை. நான்கு பேரில் இரண்டு பேர் வரவில்லை. நானும் அவனும்தான். ரோலரின் ஒரு முனையை அவன் பிடித்தான். மறு முனை சேற்றில் புதைந்திருந்தது. நான் எட்டி நின்றேன், அவன் கூப்பிடாமல் போகக்கூடாது என்று. அவன் ஒரு நிமிஷம் அப்படியே குனிந்தபடி இருந்தான். பிறகு நிமிராமலேயே சொன்னான்.

"அந்தப் பக்கம் புடிண்ணே."

பிடித்தேன். தூக்கினோம். ஷிஃப்ட் முடியும்வரை இரண்டு பேரும் சேர்ந்தே வேலை செய்தோம்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஜெனிஷாவை உட்காரவைத்து இன்றைய அதிகாரத்தைப் படித்து முடித்தேன். அவள் தூங்கப் போய்விட்டாள். உனக்கு இதை உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது.

உன்,
சைமன்